மிதித்த அடியும் மறைத்த அருளும்

உயிர் தன் சமயப்பற்றின் உறுதியாலே ஈடேறுமா, அன்றி அவ்வுறுதியையும் தனதென்று கருதாத நிலையிலே ஈடேறுமா என்பது ஆழ்ந்து ஆராய்தற்குரிய வினாவாகும். நூல்வழி நின்று இதற்கு விடை கூறுதல் நம்மனோர்க்கு அரிதன்று. வீடுபேற்றிற்கு வாயில் திருவருளே என்றும், உயிரின் முயற்சியாவது அவ்வருளுக்கு இடங்கொடுத்து நிற்றலே என்றும் யாவரும் ஒருங்கே கூறுவோம். ஆயின், தன் சமயத்தைக் காத்துக்கொள்வதா, அயலார் உயிரைக் காப்பதா என்னும் இரண்டனுள் ஒன்றையே கொள்ளுமாறு ஒருவன் ஓரிரவில் நெருக்கப்பட்டவழி, அவ்விடை அவனுக்கு எவ்வாறு பயன்படும்? அண்மையில் யாம் கேட்க நேர்ந்த புனைகதை ஒன்று இவ்வினாவை எம்முன் நிறுத்திற்று. அதனை அன்பர்கள்முன் வைத்து எம் சிற்றறிவுக்கு எட்டியவாறு ஆராயப் புகுகின்றேம்.

கதைநூலுக்கும் சித்தாந்த ஆராய்ச்சிக்கும் இயைபு யாது எனச் சிலர் வினவுதல் கூடும். யாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேம். இக்காலத்து நாவல்கள் பொழுதுபோக்கிற்கு உரியனவேயன்றி உறுதிப்பொருள் பயப்பன அல்ல என்பது எம் கருத்தாயிருந்தது. எம்பால் பாடங்கேட்கும் மாணாக்கர் ஒருவர் கல்லூரியில் ஆங்கிலம் பயின்றவர். அவர் ஜப்பானிய நாவல் ஒன்றன் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையிற்கொண்டு, மாலைதோறும் பாடம் முடிந்தபின் அதனைத் தமிழில் எடுத்துரைத்து வந்தார். முதலிரண்டு நாள் அவர் மனம் நோகாமைப்பொருட்டுக் கேட்டேம். மூன்றாம் நாள் தொட்டு, மேலே கூறுக என்று யாமே வேண்டலாயினேம். கதை முடிந்த அன்று இரவு எமக்கு உறக்கம் வந்திலது.

அந்நூலின் பெயர் 'மௌனம்' எனப் பொருள்படுவது. ஆசிரியர் ஷுசாக்கு எண்டோ என்பார். அவர் 1923-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். சிறுவயதில் தம் தாயார் வழியாகக் கத்தோலிக்க சமயத்திற் சேர்க்கப்பட்டவர். அச்சமயம் தமக்கு அளவெடுத்துத் தையாத மேனாட்டு உடைபோல் இருந்ததென்றும், அதனைக் களையவும் மாட்டாது அணியவும் மாட்டாது வருந்தியதாகவும் அவரே கூறியுள்ளார். 'மௌனம்' 1966-இல் வெளிவந்து அவ்வாண்டே தனிசாகி பரிசு பெற்றது; 2016-இல் ஆங்கிலத் திரைப்படமாகவும் வந்தது. இதற்கு முன்னரே, 1940-இல், கிரகாம் கிரீன் என்னும் ஆங்கில ஆசிரியர் மெக்சிக்கோ நாட்டுக் கிறித்தவ ஒடுக்குமுறையைப் பொருளாகக் கொண்டு, குடிப்பழக்கமுடைய பாதிரியார் ஒருவரைத் தலைவராக வைத்து நாவல் எழுதினார். ஆகவே, வழுவாத அடியாரை விடுத்து வழுவிய அடியாரை எடுத்துக்கொண்டு, இவர்க்கும் ஈடேற்றம் உண்டோ என்று வினவுதல் இக்காலப் புனைகதையாளர் பலர்க்கு இயல்பாயிற்று எனலாம்.

கதையின் நிலைக்களனை முதற்கண் அறிதல் வேண்டும். பிரான்சிசு சவேரியார் 1542 முதல் நம் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே கிறித்தவத்தைப் பரப்பியவர். அவரே 1549-இல் ஜப்பானின் ககோசிமாத் துறையில் இறங்கினார். அந்நாட்டிற் பல்லாயிரவர் அச்சமயத்தைத் தழுவினர். பின்னர் ஆட்சியாளர் அதன்மேல் ஐயமுற்றனர். 1597-இல் நாகசாகியில் இருபத்தறுவர் சிலுவையில் அறையப்பட்டனர். 1614-இல் அச்சமயம் நாடுமுழுதும் தடைசெய்யப்பட்டது. கிறித்தவரைக் கண்டுபிடித்தற்பொருட்டு இயேசுவின் உருவமோ மரியன்னையின் உருவமோ பொறித்த பலகையைத் தரையில் வைத்து, அதனைக் காலால் மிதிக்குமாறு ஏவினர். அப்பலகைக்கு 'ஃபுமியே' என்று பெயர். மிதியாதார் ஒறுக்கப்பட்டனர். தலைகீழாகக் குழியிலே தொங்கவிட்டு, காதின்புறத்தே சிறு கீறலிட்டுக் குருதி துளிதுளியாக வடியவிடுவது அவ்வொறுப்புக்களுள் மிகக் கொடியது. 1633-இல் கிறித்தோவா பெரைரா என்னும் போர்த்துகீசியப் பாதிரியார் அக்குழியில் சில மணி நேரம் தொங்கியபின் தம் சமயத்தை மறுத்தார். அப்போது உடன் தொங்கவிடப்பட்ட நகௌரா ஜூலியன் என்னும் ஜப்பானியப் பாதிரியார் மாறாது உயிர் துறந்தார். அவர்க்கு 2008-இல் அச்சமயத்தார் 'முத்திப்பேறு பெற்றவர்' என்னும் சிறப்பை அளித்தனர். இவையெல்லாம் வரலாறு.

இவ்வரலாற்றின்மேல் எழுந்ததே கதை. பெரைரா சமயத்தைக் கைவிட்டார் என்னும் செய்தியை அவர் மாணாக்கரான செபாஸ்தியான் ரோட்ரிகஸ் என்னும் இளம் பாதிரியார் நம்பமாட்டாராய், மறைவாக ஜப்பானுக்கு வருகின்றார். 1643-இல் அங்கே சென்று சிறைப்பட்டுச் சமயம் மாறி, ஜப்பானியப் பெயருடன் நெடுநாள் வாழ்ந்து 1685-இல் இறந்த கியாரா என்னும் இத்தாலியப் பாதிரியாரை மனத்துட்கொண்டு ஆசிரியர் இவரைப் படைத்தார். ரோட்ரிகஸ் தாம் உயிர்கொடுத்தற்கு முழுதும் ஒருப்பட்டு வந்தவர். ஆயின் அவர் கண்டதோ தம் சாவு அன்று. தம்பொருட்டுப் பிறர் சாதல். அவரை ஒளித்து வைத்த எளிய ஊரார் இருவர் கடற்கரையில் மரத்திற் பிணிக்கப்பட்டு, ஏறிவரும் அலையால் நாள்கணக்கில் அலைப்புண்டு மாண்டனர். அவர் வேண்டுகின்றார், கடல் ஒலிக்கின்றது, வானம் வாளா இருக்கின்றது. இறைவன் ஏன் மௌனமாயிருக்கின்றான் என்னும் வினா அன்று அவர் நெஞ்சிற் புகுந்தது.

ஈற்றில் அவரும் சிறைப்படுகின்றார். இருண்ட சிற்றறையில் இருந்த ஓரிரவிலே, அருகில் குறட்டையொலி போன்ற ஓரொலி கேட்கின்றது. தாம் சாவை எதிர்நோக்கியிருக்கக் காவலன் இவ்வாறு உறங்குகின்றானே என எண்ணி அவர்க்கு நகைப்பும் எரிச்சலும் உண்டாகின்றன. அப்பொழுது பழைய ஆசிரியராகிய பெரைரா வந்து, அது குறட்டையன்று, குழியிலே தலைகீழாய்த் தொங்கும் குடியானவரின் முனகல் என்று கூறுகின்றார். அக்குடியானவர் தம் சமயத்தை முன்னரே மறுத்துவிட்டனர். எனினும் பாதிரியார் மிதித்தாலன்றி அவர்க்கு விடுதலை இல்லை. பலகை கொணரப்படுகின்றது. மிதித்துமிதித்துத் தேய்ந்த முகம் அதிலே காணப்படுகின்றது. இது வெறும் சடங்கே என்கின்றான் மொழிபெயர்ப்பாளன். அவர் காலெடுக்கும்போது, மிதிக்கவே தான் வந்ததாகவும் அவர் நோவைத் தான் அறிந்ததாகவும் அம்முகம் தம்மோடு பேசியதாக அவர் உணர்கின்றார். மிதித்தார். விடிந்தது, கோழி கூவிற்று. பின்னர் அவர் ஜப்பானியப் பெயரும் மனையும் தரப்பெற்று, காவலின்கீழ்ப் பல்லாண்டு வாழ்ந்து மடிகின்றார். தமக்கும் இறைவனுக்கும் இடையிலான அன்பு அற்றதில்லை, வேறு வகையில் தொடர்கின்றது என்பதே அவர் உள்ளக்கிடக்கை.

இக்கதையைக் கேட்டவுடன் இரண்டு வினாக்கள் எழும். இறைவன் மௌனத்தின் பொருள் யாது என்பது ஒன்று. மிதித்த அப்பாதிரியார் ஈடேற்றத்தை இழந்தாரோ பெற்றாரோ என்பது மற்றொன்று.

முன்னையதற்குச் சித்தாந்தம் தெளிவான விடை உடைத்து. இறைவன் தொழில் ஐந்தனுள் மறைத்தலும் ஒன்று. படைத்தல், காத்தல், அழித்தல் என்பனவேயன்றி மறைத்தலும் அருளேயாம் என்பது சிவஞானசித்தியார் முதலிய நூல்களின் துணிபு. திரோதான சத்தி ஆணவமலத்தோடு உடனின்று அதனைப் பரிபாகப்படுத்துவது. மலத்தோடு நின்று தொழிற்படுதல் பற்றி உபசாரத்தால் அதுவும் மலமெனப்படும். மலம் பக்குவமுற்றபோது அதுவே அருட்சத்தியாய்ப் பதிதல் சத்திநிபாதம். ஆகவே மறைந்து நிற்பவளும் வெளிப்படுபவளும் ஒருத்தியே. புண்ணுக்கு மருந்திட்ட மருத்துவன் கட்டை உடனே அவிழ்த்துக் காட்டுவானல்லன். கட்டு அவிழ்க்கப்படாமை மருத்துவன் இன்மையைக் காட்டுவதன்று. மருந்து வேலை செய்துகொண்டிருத்தலையே காட்டும். எண்டோ 'மௌனம்' என்றது நம் முன்னோர் 'திரோதம்' என்றதனோடு பெரிதும் ஒத்திருத்தல் காண்க.

ஆயினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறவேண்டியுளது. இவ்விடை மெய்ம்மையே எனினும், அதனைக் கூறுவார் யார், கேட்பார் யார் என்பதும் நோக்கத்தக்கது. கரையில் நிற்பான் ஒருவன் அலையிற் பிணிப்புண்டானை நோக்கி, 'அஞ்சற்க, இது திரோதம்' என்பானாயின் அவன் கற்றது ஞானமன்று. தன் துயரைத் தான் தாங்குதற்கு இவ்வுண்மை ஊன்றுகோல். பிறன் துயரைத் தான் பாராதிருத்தற்கு அதனைத் திரையாகத் தொங்கவிடல் தகாது. கதையிலே ரோட்ரிகசை வருத்தியது இறைவனுடைய மௌனம் மாத்திரம் அன்று. பிறருடைய முனகலைக் குறட்டையென்று கேட்டிருந்த தம் செவியின் செவிட்டுத்தன்மையும் ஆம். இறைவன் பேசவில்லை என்று அவர் முறையிட்டுக் கொண்டிருந்த அந்நேரத்திலேயே, அவ்வொலி சுவருக்கு அப்பால் கேட்டுக்கொண்டிருந்தது.

இனி, பின்னைய வினாவிற்கு வருவாம். திருவுருவின்மேல் காலை வைத்தல் பெரும்பிழை என்பதில் ஐயமில்லை. ஆயின் காலை வைத்தும் பிழையாகாத வரலாறு நம்மிடையே உண்டு. திருக்காளத்தியில் ஆறே நாளில் பேறுபெற்ற கண்ணப்பர், தம் இரண்டாங் கண்ணையும் அகழ்ந்து அப்பத் துணிந்தபோது, இடம் அறிதற்பொருட்டு இறைவன் திருக்கண்ணின்மேலே தம் காலை ஊன்றிக்கொண்டார். அவ்வடி இறைவனுக்கு இகழ்ச்சியாயிற்றில்லை. காஞ்சியிலே பௌத்தக் கோலத்தை விடாமலே சிவபெருமான்பால் மெய்யன்பு பூண்ட சாக்கியர், நாள்தோறும் சிவலிங்கத்தின்மேல் கல்லெறிந்த பின்னரே உண்டார். கண்டோர்க்கு அது பகைவன் செயல். கொண்டோனுக்கு அது மலர். புறச்செயல் ஒன்றாயிருக்க அகப்பொருள் வேறாதல் கூடும் என்பதை இவ்விரு வரலாறுகளும் நாட்டுகின்றன.

ஆயின் உவமையை ஒருபுடையே கொள்க. கண்ணப்பர் பிழையென்று அறியாது அடிவைத்தார். சாக்கியர் அறிந்தே எறிந்தாராயினும் எவரும் அவரை வற்புறுத்தினாரில்லை. கதையிற் கண்ட பாதிரியாரோ பிழையென்று அறிந்தும், பகைவர் நெருக்கவும் மிதித்தார். ஆதலின் இவரை அவர்களோடு ஒருங்குவைத்து எண்ணுதல் பொருந்தாது. அன்றியும், புறவேடம் பொருளன்று என்று ஒரேயடியாகக் கூறுதலும் சித்தாந்தத்திற்கு ஒவ்வாது. மெய்யன்பர் திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரனெனவே தொழுக என்பது சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தின் கருத்து. திருநீற்றுக் கோலத்தைப் பொய்யாகப் புனைந்து வந்த பகைவனால் குத்துண்டு வீழ்ந்த நிலையிலும், அக்கோலத்தை மெய்யெனவே தொழுது, அவனுக்கு ஊறு நேராவண்ணம் ஊரெல்லை வரையிற் கொண்டுபோய் விடுவித்தார் மெய்ப்பொருள் நாயனார். புறச்சின்னத்திற்கு உயிரையே விலையாகத் தருதல் தகும் என்றன்றோ அவர் வரலாறு உணர்த்துகின்றது? அற்றேல், பலகையை மிதித்தார் செய்தது எவ்வாற்றானும் குற்றமேயாம் எனின்,

அறியாது கடாயினாய். மெய்ப்பொருளார் கொடுத்த விலை யாருடையது? தம் உயிர். தம்மைக் குத்தினவன் உயிரையும் அவர் காத்தார். தத்தன் வாளெடுத்தபோது வீழ்ந்துகொண்டே தடுத்தார். தம் சமயத்தின் சின்னத்தை மதித்தற்பொருட்டு வேறொருவன் குருதி சிந்துதலை அவர் பொறுத்தாரில்லை. ஈதன்றோ நுண்ணிதின் நோக்கத்தக்கது! சமயத்தின்பொருட்டு உயிரிழத்தல் தியாகம். அயலான் உயிரை இழப்பித்து 'யான் வழுவாதேன்' என்றிருத்தல் தியாகத்தின் கோலம் பூண்ட பிறிதொன்று. நகௌரா ஜூலியன் போன்றார் தம் உடம்பில் ஏற்றதை யாம் குறைத்துக் கூறினேமல்லேம், அது வணங்கத்தக்கது. அவ்விரவில் ரோட்ரிகஸ்முன் நின்றதோ வேறொரு வினா.

அதனை நம் நூல்வழி விளக்குதும். செம்பிற் களிம்புபோல் உயிரோடு அனாதியே உடனாய் நிற்பது ஆணவம். அது தீவினையிலே மட்டும் தன்னைக் காட்டும் என்று எண்ணற்க. நல்வினையிலே அது இன்னும் நுண்ணிதாக ஒளிந்து நிற்கும். யான் குடியேன், யான் ஊனுண்ணேன், யான் பூசை வழுவேன், யான் என் சமயத்தை மறேன் என்னும் இக்கூற்றுக்களில் 'யான்' என்பதனை எடுத்துவிட்டால் எஞ்சுவது அருள். 'யான்' என்பது தலைநிமிர்ந்து நிற்குமாயின் எஞ்சுவது மலம். இருவினையொப்பு என்று நம் ஆசிரியர்கள் கூறியதும் இதுபற்றியே. இரும்புத் தளையை ஒடித்தவன் பொன் தளையைப் பூணாக எண்ணிப் போற்றுவானாயின் அவன் இன்னும் சிறையில் இருப்பவனே. ரோட்ரிகஸ் உயிரையும் பொருளையும் நாட்டையும் முன்னரே துறந்தவர். அவர்பால் எஞ்சிநின்ற ஒரே உடைமை தம் உறுதி. 'நான் பெரைரா அல்லேன்' என்னும் எண்ணமே அவருடைய பொன் தளை. அத்தளை அன்றிரவு ஒடிந்தது.

இங்ஙனம் கூறுவார்க்கு ஒரு பெருந்தடை உண்டு. அதனை மறைத்துப் போதல் நேர்மையன்று. சிறுத்தொண்ட நாயனார் வரலாற்றை யாது செய்வது? அடியார்க்கு அமுதூட்டும் தம் நியமத்தைக் காத்தற்பொருட்டு அவர் கொடுத்தது தம் உயிரன்று. ஏதுமறியாத ஐந்து வயதுப் பிள்ளையின் உயிர். அயலுயிரை விலையாக்குதல் தகாதெனின் அத்தொண்டர் பெருமை எங்ஙனம் நிலைபெறும்? இவ்வரலாற்றைப் பாடஞ்சொல்லும்போதெல்லாம் எம் நா தளர்வதுண்டு. முன்னோர் பலரும் இதனை இறைவன் திருவிளையாட்டென்று அமைப்பர். கேட்டவனும் அவனே, திரும்பக் கொடுத்தவனும் அவனே ஆதலின் பிறர் இதனை வழக்காகக் கொள்ளலாகாது என்பர். அது பொருந்தும். யாம் மேலும் ஒன்று கூறுவேம். சிறுத்தொண்டர்பால் கேட்கப்பட்டது அவர் நெஞ்சில் 'எனது' என்று கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்த பொருள். அப்பாதிரியார்பால் கேட்கப்பட்டதும் அவர் நெஞ்சில் 'யான்' என்று கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்த பொருள். ஒருவர்க்கு அது மகவு. ஒருவர்க்கு அது பழியின்மை. கொடுத்தற்கு அரியது எதுவோ அதுவே கேட்கப்படுகின்றது. இவ்வமைதி எம் ஐயத்தை முற்ற நீக்கிற்று என்று கூறத் துணியேம். அறிவால் மிக்கார் வேறு அமைதி உளதாயின் காட்டுக.

மற்றொரு தடையும் உண்டு. 'உள்ளத்தே அன்பு இருந்தால் போதும், புறத்தே யாது செய்தாலும் இழுக்கில்லை' என்று கோழைகள் இதனைத் தமக்குத் துணையாகக் கொள்வர் அல்லரோ எனின், கொள்வர். அங்ஙனம் கொள்வானொருவனை ஆசிரியரே கதையினுள் வைத்துள்ளார். கிச்சிஜிரோ என்பான் அவன். அச்சம் வந்தபோதெல்லாம் பலகையை மிதிப்பான், மிதித்தபின் அழுதுகொண்டே பாதிரியார்பால் வந்து பொறுத்தருள வேண்டுவான், பாதிரியாரையும் காட்டிக்கொடுப்பான், மீண்டும் பின்தொடர்வான். தன் உயிர்க்கு அஞ்சி மிதித்த அவன் அடியும், பிறர் உயிர்க்கு இரங்கி மிதித்த பாதிரியார் அடியும் பலகையின்மேல் ஒரே தன்மையான தேய்வையே உண்டாக்கின. காண்பார்க்கு வேற்றுமை தோன்றாது. வேற்றுமையை அறிபவன் அறிவினுள் அறிவாய் நிற்பவன் ஒருவனே. ஆதலின், 'என் அடி அன்பினாற் பட்டது' என்று ஒருவன் தானே தீர்ப்புக் கூறிக்கொள்ளுதல் தகாது. 'உன் அடி கோழைமையாற் பட்டது' என்று பிறர் தீர்ப்புக் கூறுதலும் தகாது.

அக்கிச்சிஜிரோவுக்கும் ஈடேற்றம் உண்டோ? தான் இயல்பாகவே வலியற்றவனாய்ப் பிறந்தது யார் குற்றம் என்று அவன் வினவுகின்றான். ஒரே பிறவியில் யாவும் முடிவுறும் என்னும் கொள்கையின்கண் இவ்வினா மிகக் கூரியது. பலபிறவி கொள்ளும் நம் கொள்கையின்கண் அதன் கூர்மை சிறிது மழுங்குகின்றது. ஓரிரவின் ஓரடி உயிரின் கணக்கை முடித்துவிடுவதன்று. மலபரிபாகம் சிலர்க்கு விரைந்தும் சிலர்க்கு நீட்டித்தும் வரும். நீட்டித்தாரை இறைவன் எக்காலத்தும் கைவிடுவதில்லை. ஆயின் எளிய விடையில் மகிழ்ந்துவிடாமைப்பொருட்டு ஒன்றை நினைவிற் கொள்வோமாக. பல பிறவி உண்டு என்னும் உண்மை நாம் பிறரைப் பொறுத்தற்கு அளிக்கப்பட்டதேயன்றி, நாம் இன்று செய்யற்பாலதை நாளைக்குத் தள்ளுதற்கு அளிக்கப்பட்டதன்று.

இக்கதையின் முனகல் எம் உறக்கத்தைக் கெடுத்தது ஏன் என்பதையும் மறையாது கூறிவிடுகின்றேம். ஒன்பது ஆண்டுகட்கு முன் எம் இல்லாள் கடுஞ்சுரத்தால் படுத்திருந்தார். யாம் தீக்கைபெற்ற நாள்முதல் ஆன்மார்த்த பூசையை ஒருநாளும் தவிர்த்தோமில்லை; அதில் எமக்கு ஒரு பெருமிதமும் உண்டு. அன்று காலை யாம் பூசையில் இருக்க, அடுத்த அறையிலிருந்து அனத்தல் ஒலி கேட்டது. சுரம் மிக்கார்க்கு இயல்பே என்று எண்ணி மேலே நடத்தினேம். ஒலி மீண்டும் கேட்டது. இடையில் எழுந்தால் பூசை பழுதாகும் என்று கருதிச் செவியை அடக்கினேம். தூபதீபம் முடித்து எழுந்து சென்றபோது, அயல்மனையிலிருந்து வந்த முதியவள் ஒருத்தி அவர் வாயில் நீர் வார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நெடுநேரமாகக் கேட்டது நீரே. எட்டாம் நாள் அவர் சிவனடி சேர்ந்தார். எம்மை அவர் ஒரு சொல்லும் நொந்துரைத்திலர்.

யாம் பூசையைக் குறைகூறுகின்றேம் என்று எவரும் கருதற்க. அதனை இன்றும் விடாது செய்கின்றேம். ஆயின் அன்று காலை யாம் காத்தது சிவபூசையையோ, 'பூசை தவிராதவன்' என்னும் எம் பெயரையோ என்று எம்மை யாமே வினவிக்கொள்ளாத நாள் இல்லை. எமக்கு விடை தெரியும். அம்முதியவள் எழுத்தறியாதவள். சரியை, கிரியை என்னும் சொற்களையும் கேட்டறியாள். இறைபணி நிற்றல் யாது என்று பத்தாஞ் சூத்திரத்திற்குப் பொருள்விரித்துப் பலர்க்குப் பாடஞ்சொன்ன எம்மினும், அன்று அப்பணியில் நின்றவள் அவளே.

இனி முடிவுரை கூறுவாம். நம் புராணத்திற்கும் இப்புனைகதைக்கும் உள்ள வேற்றுமை பெரிது. சேக்கிழார் பெருமான் பாடிய வரலாறுகளில், அடியார் தம் அருமைப் பொருளைத் துறந்த அக்கணத்திலே இறைவன் விடைமேல் காட்சி தருவதைப் பலவிடத்தும் காண்கின்றோம். தேய்ந்த கை வளர்கின்றது. மாண்ட மகவு ஓடிவருகின்றது. இக்காலப் புனைகதையில் விடை வருவதில்லை. பாதிரியார் மிதித்தபின் வானம் திறந்ததில்லை. நெடுங்காலச் சிறைவாழ்வே எஞ்சிற்று. அவர் கேட்ட குரலும் உண்மையோ, நைந்த உள்ளத்தின் தோற்றமோ என்று ஆசிரியர் அறுதியிட்டுரைத்திலர். இதனால் இப்புனைகதை நாத்திகம் ஆகுமோ எனின், ஆகாது. புராணம் முடிந்த முடிபைக் காட்டுகின்றது. இக்கதை முடியாத இடைநிலையைக் காட்டுகின்றது. நம்மனோர் வாழ்க்கையும் பெரும்பாலும் விடை தோன்றாத அவ்விடைநிலையிலேயே கழிகின்றது அன்றோ? அந்நிலையிலும் அருள் உண்டு, மறைந்து உண்டு என்பதற்கே திரோதம் என்னும் சொல் நமக்கு அளிக்கப்பட்டது.

ஆகவே, அப்பாதிரியார் வீடெய்தினாரோ எனின், அதனைக் கூற யாம் அதிகாரிகள் அல்லேம். யாம் துணிந்து கூறக்கூடியது ஒன்றே. தன் ஈடேற்றத்தைத் தனக்கென்று இறுகப்பிடித்த கை அதனைப் பெறுதற்கு விரியாது. பிறன் நீர்வேட்கையைக் கேளாத செவி, இறைவன் மௌனத்தைக் குறைகூறுதற்கு உரித்தன்று. மடங்களிலும் மனைகளிலும் அனுட்டானம் வழுவாது நிற்கும் அன்பர்கள் அவ்வழுவாமையைத் தம்முடைமையாகக் கொள்ளாது, அவ்வப்பொழுது அடுத்த அறையின் ஒலிக்கும் செவிகொடுப்பாராக. இறைவன் யாண்டு மறைந்து நிற்கின்றான் என்பதை எவரே முழுதும் அறிவார்?

திருச்சிற்றம்பலம்